பழுது பார்க்கக்கூடிய நாளைய கடிகாரம்

சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரம் நின்றுபோனால், பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து, தேய்ந்த உறுப்பை மட்டும் மாற்றித் தருவார். இன்றைய ஸ்மார்ட் வாட்ச்சின் நிலை வேறு. அதன் லித்தியம் அயனி பேட்டரி, சில நூறு முறை மின்னேற்றம் செய்தபின் வலுவிழக்கத் தொடங்குகிறது. உறையோ பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே, ஒரு சிறு பேட்டரிக்காகத் திரை, உணரி, சில்லு அனைத்தும் குப்பையாகின்றன.

2022இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை.

நாளைய கருவிக்கு மின்சாரம் நம் உடலிலிருந்தே கிடைக்குமா? சீகோ நிறுவனம் 1988இல் கை அசைவாலும், 1998இல் உடல் வெப்பத்தாலும் இயங்கும் கடிகாரங்களை வெளியிட்டது. அச்சிறு மின்சாரம் முட்களை நகர்த்தப் போதும். ஒளிரும் திரைக்குப் போதாது. எனவே, மின்தேவையைக் குறைப்பதும், திருகாணியால் மூடிய உறைக்குள் மாற்றத்தக்க பேட்டரியை வைப்பதுமே வடிவமைப்பாளரின் முதற்பணி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், பெரும்பாலான சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்ற இயல வேண்டும் என்பது சட்டம்.

வாங்கும்முன் பேட்டரி மாற்றித் தரப்படுமா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கைவிடும்முன் அதில் சேமித்த கார்டு விவரங்களை அழித்துவிட்டு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.