வாந்தி பேதி வந்தால் முதலில் என்ன செய்வது?



முட்டைக்கும் கோழிக்கும் பேர்போன ஊர் நாமக்கல். அதே நாமக்கல்லில் 2023 செப்டம்பரில், ஓர் உணவகத்தில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அங்கே சாப்பிட்ட 40க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். "கடைச் சாப்பாட்டால் வந்த வினை" என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கிடா விருந்திலும், கல்யாணப் பந்தியிலும், காட்டுக்குக் கொண்டுபோகும் தூக்குப்போசியிலும் இதே ஆபத்து உண்டு.

உணவு எப்படி நஞ்சாகிறது? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் காரணம். வெதுவெதுப்பான உணவில் ஒரு கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகக் கூடியது. அந்தக் கணக்கில் காலை 6 மணிக்கு ஒன்றாக இருந்தது பகல் 1 மணிக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். நம்ம சேலத்து வெயிலில் அதற்குக் கேட்கவே வேண்டாம். உணவு கெட்டுப்போனால் நாறும், ஊசும் என்று நினைக்கிறோம். அப்படியில்லீங்க. நோய் தரும் உணவு பல சமயம் மணத்திலும் ருசியிலும் நன்றாகவே இருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கிருமி உணவிலேயே நஞ்சைக் கக்கி வைத்துவிடும். சமைப்பவர் கைப்புண்ணிலும் மூக்கிலும் இருக்கும் கிருமி இப்படிப்பட்டது. அண்டா நிறைய வடித்த சோற்றைச் சூட்டோடு மூடி வைத்தால் அதில் வளரும் கிருமியும் அப்படியே. சாப்பிட்ட அரை மணி முதல் ஏழெட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். இந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. "இன்னொரு கொதி விட்டால் சரியாப் போச்சு" என்பது இங்கே செல்லாது.

இரண்டாம் வகையில் கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகும். கோழி, முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா இந்த வகை. ஆறு மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ காய்ச்சல், வயிற்று வலி, பேதி என்று காட்டும். ஆகவே கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் குற்றம் சொல்லாமல், முந்தின நாள் சாப்பிட்டதையும் யோசிக்க வேண்டும். நல்ல வேளையாக இந்தக் கிருமி முழுச் சூட்டில் செத்துவிடும். வேகாத முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்தது இதனால்தான்.

சரி, வந்துவிட்டால் என்ன செய்வது? "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லிக் குழந்தைக்குத் தண்ணீர் தராமல் வைப்பார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. உடம்பில் உள்ள நீரும் உப்பும் வெளியேறுவதுதான் உயிரை வாங்குகிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால், பேதி ஆகும்போதும் குடல் அவற்றை உறிஞ்சும். கூடவே தண்ணீரும் உள்ளே போகும். 1971இல் வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே எத்தனையோ உயிர்களைக் காத்தார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போடுங்க. உப்பு கூடக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டுமட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கஞ்சி, மோர், இளநீர் கொடுக்கலாம். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

பேதியைக் கட்டும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. பெரும்பாலோருக்குக் கிருமிக்கொல்லி மருந்தும் தேவைப்படாது. தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் அவரிடம் கேளுங்க.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, குழி விழுந்த கண், சிறுநீர் வராமை, மயக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது. இதில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் பண்ணுங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இத்தனைக்கும் காத்திருக்க வேண்டாம். மீந்த உணவைக் கொட்டாமல் மூடி எடுத்துப் போங்க. எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க உதவும்.

விவசாயிகளுக்குத் தனியாக ஒன்று. மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வாந்தியோடு எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, கண்மணி சுருங்கினால் அது பூச்சிமருந்து நஞ்சு. உப்புக் கரைசலை நம்பி இருந்துவிடாதீங்க. நனைந்த துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்க.

வருமுன் காப்பது சுலபம். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீங்க. கடும் கோடையில் ஒரு மணி நேரமே கெடு. கறியை எலும்போரம் சிவப்பு இல்லாமல் வேகவிடுங்க. பச்சைக் கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீங்க. விரிசல் விட்ட முட்டையை ஆஃப்பாயில் போடாதீங்க. கோழிக்கொட்டகையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. வீட்டில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுராத்திரியில் பேதி கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் கரைக்கலாம்.