கையெழுத்துப் போட்டோமே, பொருள் தெரியுமா?



பாலிடெக்னிக்கில் சேரும்போது ராகிங் தடுப்பு உறுதிமொழிப் பத்திரத்தில் நாம் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பெற்றோரும் தனியாக ஒன்று போட்டார்கள். 2009-ல் ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த விதி அது. அதில் "இண்டல்ஜ் இன்" என்றொரு ஆங்கில வினை வருகிறது. அயோத்தியாப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த நம்மில் பலர் அதை "ஈடுபடுதல்" என்று எடுத்துக்கொள்கிறோம். அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

லத்தீன் மூலச்சொல்லுக்கு இணங்கிப்போதல், சலுகை காட்டுதல் என்று பொருள். நம்ம பேச்சில் சொன்னால் "இடம் கொடுக்கிறது". பேரன் கேட்டதையெல்லாம் பாட்டி வாங்கித் தந்தால், பாட்டி பேரனை "இண்டல்ஜ்" செய்கிறாள். இங்கே "இன்" வராது. நம் ஆசைக்கு நாமே செல்லம் கொடுத்தால்தான் "இன்" வரும். சர்க்கரை வியாதிக்காரத் தாத்தா யாருக்கும் தெரியாமல் ஒரு மல்கோவாவை வெட்டிச் சாப்பிட்டால், அவர் மாம்பழத்தில் "இண்டல்ஜ்" செய்கிறார்!

"இன்"னுக்குப் பிறகு வினை வந்தால் "இங்" சேர்க்க வேண்டும்: "இண்டல்ஜ் இன் ஸ்மோக்கிங்", "இண்டல்ஜ் இன் ராகிங்". கடமையான காரியத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. இண்டர்வியூவில் "ஐ இண்டல்ஜ்டு இன் ப்ராஜெக்ட் ஒர்க்" என்றால் கேட்பவர் சிரிப்பார். "ஐ டுக் பார்ட் இன்" என்று சொல்லுங்கள்.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். ராகிங் செய்கிறவன், "சும்மா தமாஷுக்குத்தான்" என்பான். அந்தத் தமாஷ் ஆசைக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்றுதான் நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும் ராகிங்கில்தான். அதன் பிறகே 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றால் படிப்பும் போகும், வேறு கல்லூரியிலும் சேர முடியாது.

பத்திரத்தின் அடுத்த வரியையும் படியுங்கள். பங்கெடுக்க மாட்டேன், உடந்தையாக இருக்க மாட்டேன், செய்ய வேண்டியதைச் செய்யாமலும் விடமாட்டேன் என்கிறது. ஆக, "நான் வேடிக்கைதானே பார்த்தேன்" என்று தப்பிக்க முடியாது.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது ஆசைக்கும் பொருந்தும். ஜூனியர்கள் வரும் நாளில் இந்த ஒரு சொல்லை நினைவில் வையுங்கள், நண்பர்களே!