'ஸ்னார்ல்': சிக்கும் சிடுசிடுப்பும்

ஆங்கிலச் செய்தியொன்றைத் தமிழாக்கும் வகுப்பில் மாணவர் ஒருவர், 'டிராபிக் ஸ்னார்ல்' என்பதனைப் 'போக்குவரத்து உறுமல்' என்று எழுதியிருந்தார். வகுப்பே நகைத்தது. அவர் அகராதி பாராது எழுதினாரல்லர், பார்த்தே எழுதினார். அங்கு முதற்கண் நின்ற பொருளை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இவ்வடிவில் ஆங்கிலத்தில் இரு சொற்கள் உள. நாய் பல்லைக் காட்டி உறுமுதலையும், மனிதர் அவ்வாறே சீறிப் பேசுதலையும் குறிப்பது ஒன்று. இது 16ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. மற்றது அதனினும் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்ணி, சுருக்கு என்னும் பொருளில் வழங்கியது. வேட்டைக் கண்ணியைக் குறிக்கும் 'ஸ்னேர்' என்னும் சொல்லின் வழிவந்தது இஃது என்பர் சொல்லாய்வாளர். சுருக்கைக் குறித்த சொல் பின்னர்ச் சிக்குண்ட நூலையும் மயிரையும் குறித்து, 20ஆம் நூற்றாண்டில் சாலை வண்டிகள் வரை வந்து சேர்ந்தது.

நூற்பாலைகளில் இச்சொல்லுக்கு நுட்பமான பொருள் உண்டு. முறுக்கு மிகுந்த நூலைச் சற்றே தளரவிட்டால், அது தன்மீது தானே சுற்றிச் சிறு சிறு வளையங்களாகத் திரளும். அதுவே ஸ்னார்ல். நீராவியால் நூலைப் பதப்படுத்தி முறுக்கை நிலைபெறச் செய்வது இதற்கு மாற்று. பழைய தொலைபேசியின் சுருள்கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு கிடந்ததைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். பல இழைகள் தம்முள் கலந்து உண்டாவது 'டேங்கிள்'. ஸ்னார்லுக்கோ ஓரிழையே போதும். நம் 'சிக்கு' இரண்டினையும் ஒருங்கே சுட்டும். வேறுபாடு வேண்டுமிடத்து 'முறுக்குச் சிக்கு' எனலாம் என்பது என் கருத்து.

தமிழிலும் தலைமயிர்ச் சிக்கினைச் 'சிடுக்கு' என்கிறோம். எரிந்து பேசுவதைச் 'சிடுசிடுத்தல்' என்கிறோம். ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இவற்றை ஒருவேர்ச் சொற்கள் எனத் துணிதல் கூடாது. அரபு பயிலும் மாணாக்கர்க்கு இதற்கு மறுதலையான சான்று தெரிந்திருக்கும். முடிச்சைக் குறிக்கும் 'உக்தா'வும், நிக்காஹ் முதலிய ஒப்பந்தங்களைக் குறிக்கும் 'அக்து'வும் உண்மையிலேயே ஒரு வேரினின்று கிளைத்தவை.

அங்ஙனமாயின், வந்த இடத்தில் எச்சொல் எனத் தெளிவது எவ்வாறு? தொல்காப்பியக் கிளவியாக்கம் இதற்கு வழிகாட்டுகிறது. பலபொருள் ஒருசொற்களுள் வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என இருவகையை அது வகுத்துள்ளது. 'மா' பூத்தது எனின் மரம். ஓடியது எனின் விலங்கு. வீழ்ந்தது எனின் ஐயம் எழும். கிளந்தே கூறல் வேண்டும். ஸ்னார்லும் அத்தகையதே. நாய்க்கோ மனிதர்க்கோ வினையாயின் உறுமலும் சீற்றமும். நூலுக்கோ சாலைக்கோ ஆயின் சிக்கு.

இனி, அந்தச் செய்திக்கு வருவோம். 'போக்குவரத்து நெரிசல்' எனின் வண்டிகளின் மிகுதியே தோன்றும். ஒன்றையொன்று மறித்து நகர இயலாது நின்ற நிலை தோன்றாது. 'போக்குவரத்துச் சிக்கல்' என்பதும் பொருந்தவில்லை. இக்காலத்தில் எல்லா இடர்ப்பாட்டிற்கும் 'சிக்கல்' என்றே எழுதி, அச்சொல்லின் முடிச்சை நாமே தளர்த்திவிட்டோம்.

அம்மாணவர் மறுநாள், 'நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு நின்றன' என்று திருத்தி எழுதி வந்தார். பெயரை விடுத்து வினையைப் பற்றிய அத்தொடருக்கு முழு மதிப்பெண் வழங்கினேன்.