டேட்டா சென்டர் இரைச்சலில் தேயும் காதுகள்

சயானில் ஏறி, தாணேயில் டிரான்ஸ் ஹார்பர் வண்டிக்கு மாறி, ஐரோலியிலோ ரபாலேயிலோ இறங்குவது தாராவிப் பையன்களின் வழி. செம்பூர்க்காரர்கள் வாஷி வழியாக வருவார்கள். தாத்தா தாராவியில் தோல் பதனிட்டவர், அப்பா மாட்டுங்காவிலிருந்து கோட்டைப் பகுதி ஆபீசுக்கு டைப் அடிக்கப் போனவர் என்று சொல்லும் குடும்பங்களின் அடுத்த தலைமுறை, நவி மும்பையின் டேட்டா சென்டர்களில் கேபிள் இழுக்கிறது.

இந்தியாவின் டேட்டா சென்டர் திறனில் ஏறக்குறைய பாதி மும்பை வட்டாரத்தில் இருக்கிறது. எத்தனை கோடி முதலீடு, எத்தனை மெகாவாட் என்ற கணக்கெல்லாம் தினமும் செய்தியில் வருகின்றன. அந்தக் கட்டடங்களுக்குள் ஒரு ஷிப்ட் முழுக்க நிற்கிறவரின் காது மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வேலை நுணுக்கமானது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் நீவி, கனெக்டருக்குள் செலுத்தி கிரிம்ப் செய்ய வேண்டும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்துவிட்டால் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்கும். டெஸ்டரில் ஃபெயில் ஆகிவிடும். ஃபைபர் இன்னும் கறார். சிங்கிள் மோடு இழையில் ஒளி ஓடும் பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். முனையில் ஒரு தூசி ஒட்டினாலே லிங்க் தடுமாறும். லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம்.

கண்ணுக்கு இருக்கும் இந்த எச்சரிக்கை காதுக்கு இல்லை.

"அண்ணே, பன்னிரண்டாவது போர்ட்டுல லைட் வருதா?" என்று ஒருவர் கத்துவார். இரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) தள்ளி நிற்கிறவருக்குக் கேட்காது. கை ஜாடைதான் உதவும், இல்லையென்றால் வாட்ஸ்அப். காரணம் எளிது. ரேக்கில் ஓர் அடுக்கை மட்டும் பிடிக்கும் 1யூ சர்வரின் உயரம் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குள் பெரிய விசிறி வைக்க முடியாது. நாற்பது மில்லிமீட்டர் விசிறிகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றுதான் சூட்டை வெளியே தள்ளுகின்றன. ஒரு ரேக்கில் பல சர்வர்கள், வரிசைக்குப் பல ரேக்குகள், போதாததற்குக் குளிரூட்டும் இயந்திரங்கள். பல கூடங்களில் இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டிவிடும்.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறது அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு அமைப்பான நியோஷ். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதி நேரம் பாதியாகும். 88 டெசிபலில் நாலு மணி நேரம்தான். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் கூடத்துக்குள் பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். கேபிள் வேலைக்காரர் அப்படிப் போக முடியாது. பழைய பேட்ச் கார்டுகளைப் பிரித்து, புதியவற்றை வெல்க்ரோ பட்டையால் கட்டி, இரு முனையிலும் லேபிள் ஒட்டி முடிக்கும்வரை ரேக்கின் பின்பக்கம், விசிறிகள் சூடான காற்றை ஊதும் இடத்திலேயே அவர் நிற்க வேண்டும்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு வலிக்காது. முதலில் தேய்வது 4,000 ஹெர்ட்ஸ் ஒட்டிய உயர் சுருதிகள். பேச்சு காதில் விழும், ஆனால் வார்த்தை தெளியாது. வீட்டில் டிவி சத்தம் கூடும். மனைவி சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டிவரும். உள்காதில் இறந்த நுண்மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ல் ஒரு விளக்கம் சேர்ந்தது: உற்பத்தி நடக்காத ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் யூனிட் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது தொழிற்சாலை ஆகிவிடாது. ஆபீஸ் மூலையில் கம்ப்யூட்டர் இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. 2020-ன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே விளக்கத்தைச் சுமந்து வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் இரையும் கட்டடமும் இந்தக் கணக்கில் தொழிற்சாலை அல்ல.

இழப்பீட்டுச் சட்டத்தில் இன்னொரு முடிச்சு. அதன் தொழில் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடு இருக்கிறது. ஆனால் ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். கேபிள் வேலை நடப்பதோ கான்ட்ராக்டருக்குக் கீழே சப்-கான்ட்ராக்டர் என்ற ஏணியில். கட்டடம் மாறும், ஐடி கார்டு மாறும், சம்பளம் போடும் பெயரும் மாறும். பத்து வருடம் கழித்துக் காது போனால் யாரிடம் கேட்பது?

இயர் மஃப் கொடுக்கிறோம், திரவக் குளிரூட்டல் வந்தால் விசிறிச் சத்தமே குறையும் என்கிறது நிர்வாகத் தரப்பு. இன்று ஓடிக்கொண்டிருக்கும் கூடங்களில் பெரும்பாலானவை காற்றால்தான் குளிர்கின்றன. மஃப் போட்டால் போனில் வரும் உத்தரவு கேட்காது என்று கழற்றுகிறவர்கள் உண்டு. சிலர் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பயன் மிகக் குறைவு. நுரை இயர் பிளக்கை உருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே செலுத்தினால்தான் பலன்.

வேலையில் சேரும்போதே ஆடியோகிராம் என்ற செவித்திறன் பதிவை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, அதன் நகலைத் தொழிலாளியிடம் தர வேண்டும். கான்ட்ராக்டர் மாறினாலும் அந்தக் காகிதம் கையில் இருக்கும். சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செவித்திறன் சோதனைக்கு பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவும் உண்டு. நைட் ஷிப்ட் முடித்த கையோடு போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். ரோஸ்டரில் லீவு வார நாளில் விழும்போது, குறைந்தது பதினான்கு மணி நேரம் இரைச்சலை விட்டு விலகியிருந்த பிறகு போக வேண்டும்.