வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தம்

வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தம் என்பது, இருக்கும் வீட்டை மாற்றியமைக்கவோ விரிவாக்கவோ அதன் உரிமையாளர் ஒப்பந்தக்காரருடன் செய்துகொள்ளும் உடன்பாடு ஆகும்.

வகைகள்

இந்தியாவில் இது பெரும்பாலும் இரு வகைப்படும். கூலி ஒப்பந்தத்தில் சிமெண்ட், மணல், கம்பி முதலியவற்றை உரிமையாளரே வாங்கித் தருவார். பொருளுடன் கூடிய ஒப்பந்தத்தில் அவற்றை ஒப்பந்தக்காரர் வாங்குவார். எனவே பொருட்களின் நிறுவனப்பெயர், தரம், அளவு ஆகியன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பணம் வழங்கல்

சிறிதளவு முன்பணம் தந்து, மீதியை முடிந்த வேலையை அளந்து கட்டங்கட்டமாக வழங்குவது பாதுகாப்பானது. வேலையை மிஞ்சிப் பணம் தரப்பட்டிருந்தால், பணி இடையில் நிற்கும்போது வேறொருவரைக் கொண்டு முடிப்பதற்கான தொகை உரிமையாளரிடம் இராது. இறுதித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, கசிவு, விரிசல் போன்ற குறைகள் களையப்பட்டபின் வழங்குவதும் உண்டு. இது பிடித்தத் தொகை எனப்படும்.

மேற்பார்வை

சுமைதாங்கும் சுவரை இடிக்குமுன் கட்டமைப்புப் பொறியாளரின் கருத்தைப் பெறுதல் இன்றியமையாதது. ஐ.எஸ். 456:2000 தரத்தின்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டாலான காங்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

சட்டம்

ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 73ஆம் பிரிவு கூறுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்படி வீட்டுக் கட்டுமானமும் சேவையே. சேவைக் குறைபாடு குறித்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.