கிளாரினெட் வாயிலும் கந்தகம்!

விலை கூடின பீஸ் வாங்கினால் நாதம் கூடுமா?

ஆலங்குளம்,

பட்டாசுக்குப் போகும் கந்தகம் கிளாரினெட்டிலும் இருக்கிறது!

ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்தில் கோயில் பொங்கல், கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு செட் வேண்டும். அதில் கிளாரினெட் ஊதுகிறவர் வாயில் கவ்வும் கறுப்பு "மவுத் பீஸ்" பெரும்பாலும் எபோனைட். ரப்பரோடு கந்தகம் சேர்த்து, சூட்டில் இறுக வைத்த சரக்கு. சைக்கிள் டயரில் கந்தகம் நூற்றுக்கு 2, 3 பங்குதான். எபோனைட்டில் சுமார் 25 பங்குக்கும் மேல்!

வெயில்தான் எதிரி

அந்தக் கந்தகமே வினை. பங்குனி வெயிலில் கிடந்தால் கறுப்பு நிறம் பச்சையாக, பழுப்பாக மாறும். நாக்கில் கசக்கும். கொதிக்கிற தண்ணீரில் கழுவினால் கோணிப் போகும். கோணினால் நாதம் போச்சு! பச்சைத் தண்ணீர் போதும். ஊதி முடித்ததும் துடைத்துப் பெட்டியில் போட வேண்டும்.

கண்ணாடி பீஸ் வெயிலுக்கு அசையாது. கீழே விழுந்தால் அம்போ! உலோகம் சீக்கிரம் சுடும். பிளாஸ்டிக் விலை மலிவு.

சரக்கா, வடிவமா?

"கண்ணாடி பீஸ் போட்டால் சத்தம் கணீர்" என்று நம்பிப் பல நாள் கூலியைக் கொட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் நாதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சரக்கு அல்ல, வடிவம்! நாணல் ரீடுக்கும் பீஸ் நுனிக்கும் நடுவே இடைவெளி சுமார் 1 மில்லி மீட்டர். அதில் மயிரிழை மாறினாலும் ஊதும் பலமும் சத்தமும் மாறும். உட்குடைவும் அப்படியே. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசித்த கர்நாடக பாணியில் கமகம் வர வேண்டும். அதற்கு இந்த அளவு இன்னும் முக்கியம். மலிவு பிளாஸ்டிக்குக் கெட்ட பெயர் வந்ததும் அச்சு சரியில்லாததால்தான்.

1971-ல் அமெரிக்காவில் கோல்ட்மன் என்பவர் ஒரே அளவில் வெள்ளி, செம்பு, மரப் புல்லாங்குழல்களை ஊதவைத்துச் சோதித்தார். கேட்டவர்களுக்கு எது எதுவென்று தெரியவில்லை!

பல் சொல்லும் கதை

ஊதுகிறவருக்கு மட்டும் வித்தியாசம் தெரிவது ஏன்? மேல் பல் பீஸைத் தொடுகிறது. அதிர்வு பல் வழியாக மண்டை எலும்புக்கு ஏறி, காதுக்குள் போகிறது. எதிரே நிற்பவருக்கு அது கிடையாது. பல் படும் இடத்தில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் கூச்சம் குறையும்.

புதிது வாங்கப் போகிறவர்கள் சொந்த ரீடைக் கையோடு கொண்டு போக வேண்டும். இரண்டு மூன்று பீஸ்களில் ஊதி, கூட வந்தவரைப் பத்தடி தள்ளி, திரும்பி நின்று கேட்கச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையா? வாய்க்கும் சுகமாக இருக்கிறதா? மலிவானதையே வாங்கலாம். கூலிப் பணம் மிச்சம்!