விண்ணேறும் காற்றின் வழி

தென்றல், வாடை, கொண்டல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் போற்றியது நம் தமிழ். இந்நான்கும் நிலத்தையொட்டிக் கிடையாக வீசுவன. நாம் ஈண்டுக் காண விழைவது, நம் தலைக்கு மேலே நெடுந்தொலைவு ஏறிச் செல்லும் ஒரு காற்றின் வழியாகும்.

நாம் மூச்சிழுக்கும் காற்று கீழடுக்கைச் சேர்ந்தது. முகிலும் மழையும் புயலும் இதன்கண் நிகழ்வன. இதற்கு மேலுள்ளது மீளடுக்கு. ஆங்கிலத்தில் ஸ்ட்ராடோஸ்பியர் என்பர். கீழடுக்கில் உயரஞ் செல்லச் செல்லக் குளிர் மிகும். மீளடுக்கிலோ, கதிரவனின் புற ஊதாக் கதிர்களை ஓசோன் உட்கொள்வதால், மேலே செல்லச் செல்ல வெப்பம் மிகும். அடியில் குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றும் அமைந்துவிட்டால் இரண்டும் எளிதில் கலவா. எனவே இடைப்பட்ட எல்லை, அடைத்த கதவு போன்றது எனலாம்.

கதவில் வழியுண்டு என்பதை எவ்வாறு அறிந்தனர்? இங்கிலாந்தின் மேலே விமானங்களில் எடுத்த அளவுகளை ஆராய்ந்து, 1949-ஆம் ஆண்டில் ஆலன் ப்ரூவர் என்னும் அறிஞர் விடை பகர்ந்தார். அங்கே மீளடுக்குக் காற்று பெரிதும் வறண்டிருந்தது. அத்துணை ஈரத்தையும் உறையச்செய்து நீக்க, இங்கிலாந்தின் மேலுள்ள எல்லைக் குளிர் போதாது. அதனினும் கடுங்குளிர் நிலநடுக்கோட்டை அடுத்த வெப்ப மண்டலத்தின் மேல் உண்டு. அங்கே எல்லை ஏறத்தாழ 17 கி.மீ. உயரத்தில், சுழிக்குக் கீழ் 80 பாகை செல்சியசு அளவில் உளது. ஆகவே அக்காற்று வெப்ப மண்டலத்தில் மேலேறி, ஈரத்தை உறைபனியாக உதிர்த்துவிட்டுத் துருவம் நோக்கி வந்ததே எனத் துணிந்தார். ஈரம் இல்லாமையைக் கொண்டே ஓர் உலகப் பயணத்தைக் கண்டறிந்த திறத்தை எத்துணைப் பாராட்டினும் தகும்! 1956-இல் டாப்சன் என்பாரும் ஓசோனின் பரவலைக் கொண்டு இவ்வழியையே காட்டினார்.

பெருங்காற்றலைகள் குளிர்காலத்தில் மேலேறி உடைவதே இவ்வோட்டத்தை இழுக்கும் ஆற்றல். ஏற்றம் மிக மெல்லியது; நாளொன்றுக்குச் சில பத்து மீட்டரே.

இம்மெதுவே நமக்கு இடராயிற்று. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலுமிருந்து வெளிப்பட்ட குளோரோஃபுளூரோ கார்பன்கள் கீழடுக்கில் மழையில் கரையா, சிதையா. இவ்வழியே மேலேறிச் சிதைந்து, ஓசோனை அரித்தன. 1985-இல் அண்டார்க்டிக்காவின் ஓசோன் துளை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எனினும் முன்னரே கலந்துவிட்ட நஞ்சு அழியப் பல்லாண்டுகள் வேண்டும். அண்டார்க்டிக்காவின் மேல் ஓசோன் 1980-ஆம் ஆண்டின் நிலையை எய்த ஏறத்தாழ 2066 ஆகும் என்பது 2022-ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு அறிஞர்தம் மதிப்பீடு. இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் அப்போது நடு அகவையை எய்தியிருப்பர்.